கட்டுமரத்தின் பெயரில் ஓடும் பந்தயப் படகு

ஆங்கில அகராதி ஒன்றை எடுத்து 'காட்டமரான்' என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். இரண்டு உடல்களைப் பக்கவாட்டில் இணைத்துச் செய்த படகு என்று அதில் பொருள் போட்டிருக்கும். இச்சொல் தமிழிலிருந்து வந்தது என்ற குறிப்பும் கூடவே இருக்கும். கடற்கரையில் கட்டுமரத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது விந்தையாகத் தோன்றும். நம் கட்டுமரத்துக்கு இரண்டு உடல் ஏது? சில மரங்களை நெருக்கமாகச் சேர்த்துக் கயிற்றால் இறுகக் கட்டிய மிதவைதானே அது?

உங்கள் ஐயம் நியாயமானதே. வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி 1697இல் வெளியிட்ட தம் பயண நூலில், சோழமண்டலக் கரையில் ஓடும் கட்டுமரங்களைப் பற்றி எழுதினார். சொல் அவ்வாறு ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. பின்னர் இணைத்துக் கட்டிய மிதவை எதுவானாலும் அதே பெயரால் அழைக்கத் தொடங்கினார்கள். இரண்டு நீண்ட ஓடங்களைக் குறுக்குக் கட்டைகளால் பிணைத்து, பாய் விரித்துப் பெருங்கடலைக் கடந்தவர்கள் பசிபிக் தீவுகளில் வாழும் பாலினீசிய மக்கள். ஆக, பெயர் நம்முடையது, உருவம் அவர்களுடையது. இலங்கைக் கரையில் ஒரு பக்கம் மட்டும் துணைமிதவை கட்டிய 'ஒருவ' என்னும் படகும் இந்தக் குடும்பத்தில் ஒரு தம்பி எனலாம்.

இந்தப் பெயருடைய படகில் ஏறிப் பாய்மரப் பந்தயத்தில் கலந்துகொள்ள விரும்பும் ஒருவர் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதையே இங்கே பார்க்கப் போகிறோம். விளையாட்டு என்றாலும் இதன் ஒவ்வோர் அசைவிலும் இயற்பியல் புகுந்திருக்கிறது. அதை அறியாமல் ஏறுகிறவர் தோற்பது மட்டுமல்ல, உயிருக்கே ஆபத்தைத் தேடிக்கொள்ளவும் கூடும்.

அலை போடும் வேலி

சாதாரணப் படகு ஒன்று நீரைக் கிழித்துச் செல்லும்போது தன் முன்னால் ஓர் அலையையும் பின்னால் ஓர் அலையையும் எழுப்புகிறது. வேகம் கூடக் கூட இவ்வலைகளின் நீளமும் கூடும். ஒரு கட்டத்தில் அலையின் நீளம் படகின் நீளத்துக்குச் சமமாகிவிடும். அப்போது படகு தானே வெட்டிக்கொண்ட பள்ளத்தில் உட்கார்ந்துவிடுகிறது. மேலும் விரைய வேண்டுமானால் தன் முன்னலையின் மீதே அது ஏற வேண்டும். இந்த எல்லையைக் கணக்கிட எளிய வழி உண்டு. நீரைத் தொடும் நீளத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.5ஆல் பெருக்குங்கள். விடை மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வரும். ஐந்து மீட்டர் படகுக்குச் சுமார் 10 கி.மீ.! சைக்கிளில் போகிறவர்கூட இதை முந்திவிடுவார்.

ஆனால் படகின் உடல் மிக ஒல்லியாக, அதாவது நீளம் அகலத்தைப் போல் பத்து மடங்குக்கு மேல் இருந்தால் அது எழுப்பும் அலை சிறுத்துவிடுகிறது. வேலி அங்கேயேதான் இருக்கிறது, தாண்டுவது எளிதாகிவிடுகிறது. அப்படியானால் எல்லாப் படகுகளையும் கத்திபோல் ஒல்லியாகச் செய்துவிடலாமே? செய்தால், பாயில் காற்று பட்ட மறுகணமே கவிழ்ந்துவிடும். சாதாரணப் பாய்ப்படகு அடியில் ஈயத்தையோ இரும்பையோ சுமந்துதான் நிமிர்ந்து நிற்கிறது. எடை கூடினால் படகு ஆழமாக அமிழும்; அலையும் பெரிதாகும்.

இந்தச் சிக்கலுக்கு விடைதான் இரட்டை உடல். இரண்டு ஒல்லி உடல்களை இரண்டு மீட்டர் தள்ளி வைத்துக் கட்டினால், ஈயம் இல்லாமலே படகு நிற்கும். கால்களைச் சேர்த்து நிற்பவரைத் தள்ளிப் பாருங்கள். அகற்றி நிற்பவரையும் தள்ளிப் பாருங்கள். வேறுபாடு புரிந்துவிடும்.

அமெரிக்கரான நத்தானியல் ஹெரெஷாஃப் 1876ஆம் ஆண்டிலேயே இதைச் செய்து காட்டினார். 'அமரில்லிஸ்' என்ற தம் இரட்டை உடல் படகை நியூயார்க்கில் நடந்த பந்தயத்தில் இறக்கி, மற்றவற்றையெல்லாம் பின்னுக்குத் தள்ளினார். தோற்றவர்கள் முறையிட்டார்கள், இது எங்கள் இனத்துப் படகல்ல என்று சொல்லி அதை ஒதுக்கிவிட்டார்கள். பின்னாளில் அதே ஹெரெஷாஃப் ஒற்றை உடல் படகுகளை வரைந்து அமெரிக்கா கோப்பையில் பெரும் புகழ் பெற்றார் என்பது தனிக்கதை. வேகமாக ஓடுவதையே குற்றமாக்கிய விளையாட்டு உலகில் வேறு உண்டா என்று தெரியவில்லை! இரட்டை உடல் படகு ஒலிம்பிக்கில் இடம்பிடிக்க அதன்பின் சரியாக நூறு ஆண்டுகள் ஆயின. 1976இல் 'டொர்னாடோ' வகை சேர்க்கப்பட்டு 2008 வரை நீடித்தது. 2016 முதல் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்து ஓட்டும் 'நாக்ரா 17' அந்த இடத்தைப் பெற்றது.

எந்தப் படகில் தொடங்குவது?

கலிபோர்னியாவில் அலைப்பலகை செய்துவந்த ஹோபி ஆல்ட்டர் என்பவர், கடற்கரை மணலிலிருந்து நேரே தள்ளி ஓட்டக்கூடிய சிறு படகொன்றை 1960களின் கடைசியில் உருவாக்கினார். அதை அடுத்து வந்தது 'ஹோபி 16'. இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டிருக்கிறது. அதன் நீளம் 5.05 மீட்டர், அகலம் 2.41 மீட்டர், எடை 145 கிலோ. இரண்டு பாய்களும் சேர்ந்து ஏறத்தாழ 20 சதுர மீட்டர். ஒரு சிறிய அறையின் எல்லாச் சுவர்களையும்விடக் குறைவுதான். ஆனால் இவ்வளவு இலேசான படகுக்கு அது மிக அதிகம்.

இதன் உடல்களைக் கூர்ந்து பார்த்தால் ஒரு புதுமை தெரியும். ஒவ்வோர் உடலும் இரு பக்கமும் ஒரே மாதிரி இராது. உட்பக்கம் நன்றாக வளைந்தும் வெளிப்பக்கம் தட்டையாகவும் இருக்கும். விமான இறக்கையை நிமிர்த்தி வைத்தது போலத்தான். காற்றின் தள்ளுதலால் படகு பக்கவாட்டில் நழுவாமல் இருக்க மற்றப் படகுகளில் நடுவே ஒரு பலகையை நீருக்குள் இறக்குவார்கள். இதில் உடலே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. சுக்கான்களும் தரை தட்டினால் தாமே மேலே மடங்கிக்கொள்ளும். ஆகவே அலை புரளும் மணற்கரையில் எவ்விதப் பயமுமின்றி ஏற்றி இறக்கலாம்.

தொடங்குகிறவருக்கு இந்த மாதிரிப் பழைய, எங்கும் கிடைக்கும், எல்லாருக்கும் ஒன்றாக இருக்கும் படகே நல்லது என்பது என் எண்ணம். நீருக்குள் இறக்கை பொருத்தி, உடலே தண்ணீரைத் தொடாமல் பறக்கும் படகுகள் வந்துவிட்டன. 2013இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த அமெரிக்கா கோப்பையில் 22 மீட்டர் நீளமுள்ள அத்தகைய ராட்சதப் படகுகள் மணிக்கு 75 கி.மீ.க்கும் மேலான வேகத்தில் பறந்தன. பார்க்கக் கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால் எழுத்துப் பழகும்போதே காவியம் எழுத உட்காரக் கூடாது.

பழைய படகு வாங்குவதானால் மேற்பலகையைக் கட்டைவிரலால் அங்குலம் அங்குலமாக அழுத்திப் பாருங்கள். எங்காவது மெத்தென்று அமுங்கினால் உள்ளே அடுக்குகள் பிரிந்துவிட்டன என்று பொருள். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளில் ஓர் இழை அறுந்திருந்தாலும் அந்தக் கம்பி முழுவதையும் மாற்ற வேண்டும். இரண்டு உடல்களுக்கும் நடுவே கட்டிய கெட்டித் துணியின் தையல் இற்றுப் போயிருக்கிறதா என்பதையும் பாருங்கள். நீங்கள் உட்காருவது அதன் மேல்தான். இவற்றைவிடவும் நல்ல யோசனை, முதல் பருவத்தில் எதையும் வாங்காமல் இன்னொருவர் படகில் துணை ஓட்டியாகப் போவது. துணைக்கு ஆள் கிடைக்காமல் கரையில் நிற்கும் படகுக்காரர்கள் எந்தச் சங்கத்திலும் இருப்பார்கள்.

எடை ஓர் ஆயுதம்

ஹோபியில் இருவர் போவார்கள். பின்னால் இருப்பவர் சுக்கானையும் பெரிய பாயின் கயிற்றையும் பிடிக்கிறார். முன்னால் இருப்பவர் சிறிய பாயைக் கவனிக்கிறார். காற்று பலமானால் இருவரும் இடுப்பில் கட்டிய பட்டையைப் பாய்மரத்திலிருந்து தொங்கும் கம்பியில் மாட்டிக்கொண்டு, படகின் விளிம்பில் பாதம் ஊன்றி, உடலைக் கடலுக்கு மேல் நீட்டிவிடுவார்கள். கம்பிக்குப் பெயர் டிரப்பீஸ். சர்க்கஸில் பார்த்த அதே சொல்தான்.

இது வெறும் வித்தையா என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். காற்று சாய்க்கும்போது படகு, காற்றுக்கு மறுபுறமுள்ள உடலை அச்சாகக் கொண்டு திரும்ப முயல்கிறது. படகின் எடை 145 கிலோ. அது அச்சிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் தள்ளிச் செயல்படுகிறது. பெருக்கினால் 145. ஆளுக்கு 65 கிலோ எடையுள்ள இருவர் அச்சிலிருந்து மூன்று மீட்டர் தொலைவில் தொங்குகிறார்கள். 130ஐ மூன்றால் பெருக்கினால் 390. பார்த்தீர்களா? படகை நிமிர்த்தி வைக்கும் ஆற்றலில் ஏறக்குறைய முக்கால் பங்கு உங்கள் உடம்பிலிருந்து வருகிறது. கால் வழுக்கி நீங்கள் உள்ளே விழுந்தால் அந்த முக்கால் பங்கும் அந்த நொடியிலேயே போய்விடும்.

இன்னொன்றையும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். ஈயம் சுமக்கும் படகு சாயச் சாய, நிமிர வேண்டும் என்ற பிடிவாதம் அதற்கு மேலும் கூடிக்கொண்டு போகும். இரட்டை உடல் படகு அதற்கு நேர் எதிரானது. ஓர் உடல் நீரைவிட்டு எழும் கணத்தில்தான் அதன் உறுதி மிக அதிகம். அதற்கு மேல் சாய்ந்தால் உறுதி குறைந்துகொண்டே போகும். முழுதும் கவிழ்ந்துவிட்டாலோ தலைகீழாக நிற்பதிலும் அதே உறுதியைக் காட்டும்! ஆகவே ஓர் உடல் நீரிலிருந்து ஒரு சாண் எழுந்ததும் பெரிய பாயின் கயிற்றைத் தளர்த்திப் பழக வேண்டும். கயிறு எப்போதும் கையில் இருக்கட்டும்.

பக்கவாட்டில் கவிழ்வது பெரும்பாலும் குளியலோடு போய்விடும். மூக்கு குத்திக் கவிழ்வதுதான் முரட்டுத்தனமானது. காற்று பக்கவாட்டிலோ பின்பக்கவாட்டிலோ பலமாக வீசும்போது, மறுபக்க உடலின் முனை நீருக்குள் புகுந்துவிடும். முனை நின்றுவிடும், பாய் மட்டும் முன்னே ஓடும். கம்பியில் தொங்குபவர் ஊஞ்சலிலிருந்து விட்டெறிந்தது போல முன்னால் பறப்பார். முனை அமிழத் தொடங்குவதைக் கண்டவுடன் இருவரும் பின்னால் நகர வேண்டும். பாய்களைத் தளர்த்த வேண்டும்.

எதிர்க்காற்றும் பின்காற்றும்

காற்றே இல்லாத நாளில் சைக்கிள் ஓட்டினால் முகத்தில் காற்று அடிக்கிறதல்லவா? படகிலும் அப்படியே. வலப்புறமிருந்து மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் காற்று வீசுகிறது. படகும் 20 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது என்று கொள்வோம். பாய் உணரும் காற்று இரண்டின் கூட்டு விளைவு: சுமார் 28 கி.மீ. வேகத்தில், வலப்புற முன்மூலையிலிருந்து வருவது போல இருக்கும். படகு தன் காற்றைத் தானே பெருக்கிக்கொள்கிறது! வேகமான படகுகள் காற்றைவிட விரைந்து ஓடுவதன் இரகசியம் இதுதான்.

இதிலிருந்து பந்தயத்துக்கு ஒரு முக்கியமான விதி பிறக்கிறது. பின்காற்றில் நேராக ஓடாதீர்கள். 20 கி.மீ. காற்றில் நேராக 10 கி.மீ. வேகத்தில் ஓடும் படகு உணர்வது மீதி 10 கி.மீ. காற்றை மட்டுமே. அதுவே 40 பாகை விலகிக் குறுக்காக ஓடி 20 கி.மீ. வேகம் எடுத்தால், பாயில் பின்காற்று முன்பக்கவாட்டிலிருந்து வருவது போலப் படும். பாதை 30 விழுக்காடு நீளும் என்பது உண்மையே. ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் மிதவைக்கு நேராகப் போனவருக்கு ஆறு நிமிடம். வளைந்து போனவருக்கு நான்கு நிமிடத்துக்கும் குறைவு. நேர்வழியே குறுக்குவழி என்று பழகிய மனம் இதை ஏற்கக் கொஞ்ச நாளாகும்.

எதிர்க்காற்றில் எந்தப் பாய்ப்படகும் நேராகப் போக முடியாது. இடமும் வலமுமாக மாறி மாறித்தான் ஏற வேண்டும். இங்கே இரட்டை உடல் படகுக்கு ஒரு குறை உண்டு. அது இலேசானது, ஆகவே உந்துவேகம் குறைவு. இரண்டு நீண்ட உடல்களைச் சேர்த்துத் திருப்ப வேண்டியிருப்பதால், திருப்பத்தின் நடுவில் காற்றை நேருக்கு நேர் பார்த்தபடி அசையாமல் நின்றுவிடும். புதியவர்கள் எல்லாரும் இதில் மாட்டிக்கொள்வார்கள். சுக்கானை வெடுக்கென்று திருப்பாமல் நிதானமாகத் திருப்புங்கள். முனை காற்றைக் கடக்கும்போது பெரிய பாயைச் சற்றுத் தளர்த்துங்கள். சிறிய பாயை மட்டும் பழைய பக்கத்திலேயே பிடித்திருங்கள். காற்று அதன் மறுபுறத்தில் அடித்து முனையைத் தள்ளிக் கொடுக்கும். தள்ளிய பிறகு விடுங்கள். அப்படியும் நின்றுவிட்டால் படகு மெல்லப் பின்னோக்கி நகரும். அப்போது சுக்கான் எதிர்மாறாக வேலை செய்யும் என்பதை நினைவில் கொண்டு திருப்ப வேண்டும். ஒவ்வொரு திருப்பமும் நேரத்தைத் தின்னும். ஆதலால் ஒற்றை உடல் படகுக்காரர் பத்துமுறை திரும்பும் இடத்தில் நீங்கள் மூன்று நான்கு முறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பந்தய நாளன்று

கடலில் கோடு போட முடியாது. ஆகவே நடுவர் படகுக்கும் ஒரு மிதவைக்கும் இடையே கற்பனைக் கோடு ஒன்று தொடக்கக் கோடாகும். தொடக்கத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் ஒரு கொடி ஏறும். நான்கு நிமிடம் இருக்கும்போது இன்னொரு கொடி. ஒரு நிமிடம் இருக்கும்போது இரண்டாவது கொடி இறங்கும். முதல் கொடியும் இறங்கினால் பந்தயம் தொடங்கிவிட்டது. வெடிச் சத்தமோ ஊதல் சத்தமோ கூடவே வரும். ஆனால் கணக்கில் எடுத்துக்கொள்வது கொடியைத்தான். தூரத்தில் இருப்பவருக்குச் சத்தம் தாமதமாக வரும் என்ற இயற்பியல் விதிமுறைகளை எழுதியவர்களுக்கும் தெரிந்திருக்கிறது!

விதிப் புத்தகம் தடிமனானது. முதல் நாளுக்கு மூன்று விதிகள் போதும். காற்றை வலப்புறம் வாங்கிவரும் படகுக்கு, இடப்புறம் வாங்கிவரும் படகு வழிவிட வேண்டும். இரண்டும் ஒரே பக்கத்தில் காற்றை வாங்கிப் பக்கம் பக்கமாகப் போனால், காற்று வரும் பக்கத்தில் இருப்பவர் ஒதுங்க வேண்டும். முன்னும் பின்னுமாகப் போனால் பின்னால் வருபவரே பொறுப்பு. தவறு செய்துவிட்டால் யாரும் வந்து பிடிக்கும்வரை காத்திராமல், நீங்களே இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டுப் பந்தயத்தைத் தொடர வேண்டும். மிதவையைத் தொட்டுவிட்டால் ஒரு சுற்று. நடுவர் பார்க்காவிட்டாலும் சுற்றத்தான் வேண்டும்.

முதல் சில பந்தயங்களில் கூட்டத்துக்குள் புகாமல், கோட்டுக்குச் சற்றுப் பின்னாலிருந்து வேகம் எடுத்து வாருங்கள். நின்ற இடத்திலிருந்து கிளம்பும் இரட்டை உடல் படகு மாட்டுவண்டியைப் போல் மெதுவாகவே நகரும்.

பலவகைப் படகுகள் ஒன்றாக ஓடும் பந்தயத்தில் முதலில் வந்தவரே வென்றவர் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு வகைக்கும் ஓர் எண் தரப்பட்டிருக்கும். எடுத்துக்காட்டாக, 1000 எண்ணுள்ள விரைவான படகு 60 நிமிடத்திலும், 1100 எண்ணுள்ள மெதுவான படகு 64 நிமிடத்திலும் வந்து சேர்ந்தால், இரண்டாவது படகின் 64ஐ 1100ஆல் வகுத்து 1000ஆல் பெருக்குவார்கள். 58 நிமிடம் சொச்சம் வரும். நான்கு நிமிடம் பிந்தி வந்தவருக்கே பரிசு.

கவிழ்ந்தால் என்ன செய்வது?

கவிழத்தான் போகிறீர்கள். எனவே அமைதியான நாளில், துணைப்படகு அருகில் இருக்கும்போது வேண்டுமென்றே கவிழ்த்து நிமிர்த்திப் பழகுங்கள்.

முதலில், விழும்போதே ஒரு கயிற்றையாவது விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் கிடக்கும் படகின் நடுத்துணி ஒரு பாயைப் போல நிமிர்ந்து நிற்கும். காற்று அதைத் தள்ளிக்கொண்டு போகும் வேகத்துக்கு நல்ல நீச்சல்காரரும் ஈடுகொடுக்க முடியாது. இரண்டாவதாக, பாய்க் கயிறுகளைக் கவ்வியிலிருந்து விடுவியுங்கள். இல்லாவிட்டால் நிமிர்ந்த படகு உங்களை விட்டுவிட்டு ஓடிவிடும். பிறகு கீழ் உடலின் மேல் ஏறி நின்று, மேல் உடலின் மீது கயிற்றைப் போட்டு, முன்முனைப் பக்கமாக நகருங்கள். உங்கள் பாரத்தால் முனை அமிழ்ந்து, படகு காற்றை நோக்கித் திரும்பும். இருவரும் கயிற்றைப் பிடித்துப் பின்னால் சாய்ந்தால் பாய் மெல்ல நீரிலிருந்து எழும். அடியில் காற்று புகுந்ததும் மளமளவென்று நிமிரும். மேல் உடல் தலைமேல் இறங்கும் என்பதால் ஒதுங்கிக்கொண்டு, குறுக்குக் கட்டையை உடனே பற்றிக்கொள்ளுங்கள். ஒருவர் எடை பெரும்பாலும் போதாது. இப்படகில் தனியாகக் கடலுக்குள் போகக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

நிமிர்த்த முடியவில்லையா? படகின் மேலேயே ஏறி உட்கார்ந்திருங்கள். கரை பக்கத்தில் இருப்பதாகத் தோன்றினாலும் நீந்திப் போக முயலாதீர்கள். தேடி வருகிறவர்களின் கண்ணுக்கு ஐந்து மீட்டர் படகு தெரியும். அலைகளுக்கு நடுவே ஒரு தலை தெரியாது. மிதவைச் சட்டை இல்லாமலும், இடுப்புப் பட்டை கம்பியில் சிக்கிக்கொண்டால் அறுக்க ஒரு கத்தி இல்லாமலும் மணலைவிட்டு நகர வேண்டாம். கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும் நாளில் கரையோரத்தில் தண்ணீர் தட்டுப்போல் அமைதியாக இருக்கும்; புதியவரை ஏமாற்றுவது அந்த அமைதிதான். அன்று கரையிலேயே இருந்து முடிச்சுப் போடப் பழகலாம்.

கரையிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. பாய்மரம் எட்டு மீட்டர் உயரமுள்ள அலுமினியக் குழாய். அதை நிமிர்த்தும் முன்பும், நிமிர்த்திய படகை மணலில் இழுக்கும் முன்பும் தலைக்கு மேல் மின்கம்பி போகிறதா என்று பாருங்கள். மின்சாரம் தாக்கி உயிரிழப்புகள் நேர்ந்த பின்னரே 1980களில் ஹோபி படகுகளின் பாய்மர நுனியை மின்சாரம் கடத்தாத இழைக்கண்ணாடியால் செய்யத் தொடங்கினார்கள். அதற்கு முந்திய பழைய பாய்மரங்கள் இன்னும் புழக்கத்தில் உண்டு.

பந்தயம் முடிந்ததும் நல்ல தண்ணீரால் எல்லாவற்றையும் கழுவிவிடுங்கள். ஒவ்வோர் உடலின் பின்முனையிலும் ஒரு சிறு திருகுமூடி இருக்கும். அதைத் திறந்து முனையைச் சற்றுத் தூக்கி வைத்தால் உள்ளே கசிந்த நீர் வடியும். ஒரு குவளை வந்தால் கவலையில்லை. ஒரு வாளி வந்தால் எங்கோ விரிசல் இருக்கிறது. சோப்பு நீரைத் தடவி, உள்ளே மெல்லக் காற்றூதினால் குமிழி வரும் இடம் காட்டிக்கொடுத்துவிடும். அடுத்த முறை தள்ளும் முன் இரண்டு மூடிகளையும் மறுபடி திருகிவிட்டீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.